எது அந்த வண்டி?

மினி பைக் என்பது மோட்டார் சைக்கிளை முழங்கால் உயரத்துக்குச் சுருக்கிய வண்டி. வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டம், சின்னஞ்சிறு சக்கரங்கள், ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின், பலகைபோல ஒரு சீட்: அதன் உடம்பு இவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன், பாராசூட்டில் இறங்கும் படையினருக்காக வெல்பைக் என்ற மடக்கு வண்டியைச் செய்தது. 98 சிசி வில்லியர்ஸ் இன்ஜின் பூட்டிய அந்த வண்டி உருளைப் பெட்டிக்குள் மடங்கி வானத்திலிருந்து இறங்கும். 1961இல் ஹோண்டா நிறுவனம், டோக்கியோ அருகே டாமா டெக் கேளிக்கைப் பூங்காவுக்கு வரும் சிறுவர்களுக்காக 49 சிசி இசட்100 வண்டியை உருவாக்கியது. 'மங்கி' என்று உலகம் அறிந்த வரிசை அதிலிருந்து கிளைத்தது. அமெரிக்காவில் 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இந்த வண்டிகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. ஓஹையோவின் மான்ஸ்ஃபீல்டில் ரப், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் பொனான்சா, அல்ஹாம்ப்ராவில் டாக்கோ என்று பல நிறுவனங்கள் கிளம்பின. ரப் நிறுவனத்தை நடத்திய மிக்கி ரப், 1965 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர். பிள்ளைகள் வீட்டுப் புல்வெளியில் ஓட்டிய வண்டிக்குப் பின்னால் ஒரு பந்தயக்காரரின் கை இருந்தது.

இன்று இவற்றைத் தேடிச் சேகரிப்பவர் துருப்பிடித்த ஒரு சட்டத்தைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, 'இது என்ன வண்டி?' என்பது. கொஞ்சம் உள்ளே போனதும் அந்தக் கேள்வி உருமாறும்: 'இது அந்த வண்டிதானா?' முதல் கேள்விக்கு அளவு நாடாவும் பழைய விலைப்பட்டியலும் விடை தந்துவிடும். இரண்டாவது கேள்வி சமயவாதிகளும் தத்துவவாதிகளும் இரண்டாயிரம் ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி. பாகங்கள் மாறிய பிறகும் ஒரு பொருள் அதே பொருளா? பாகங்களைத் தவிர 'பொருள்' என்று ஒன்று உண்டா?

அடையாளம் காணும் வேலையிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. மோட்டார் சைக்கிளுக்குச் சேசிஸ் எண் என்று ஒன்று இருக்கும். சர்ச்சை வந்தால் அதைப் பார்த்து முடித்துக்கொள்ளலாம். அமெரிக்க மினி பைக்குகள் பலவும் சாலையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. பதிவு கிடையாது, உரிமப் புத்தகம் கிடையாது. சட்டத்தில் எண் பொறித்தவர்களும் உண்டு, ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஸ்டிக்கர் வெயிலில் உரிந்துபோனால் பெயரும் போயிற்று. போதாக்குறைக்கு, சியர்ஸ், மாண்ட்காமரி வார்டு போன்ற பெருங்கடைகள் யாரோ செய்த வண்டியில் தங்கள் பெயரை ஒட்டி விற்றன. ஒரே சட்டம் இரண்டு மூன்று பெயர்களில் உலவியது. பௌத்த நூல்கள் 'நாமரூபம்' என்று சேர்த்துச் சொல்லும் பெயரும் உருவும் இங்கே தனித்தனியாகக் கழன்று நிற்கின்றன.

ஆகவே தேர்ந்த கண் பெயரை நம்புவதில்லை. குழாயின் தடிமனையும் வளைவின் கோணத்தையும் அளக்கும். பற்றவைப்பு சீராக ஓடுகிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பார்க்கும். இன்ஜின் உட்காரும் தகட்டில் எத்தனை துளைகள், கால்மிதி எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, பிரேக் டயரின் மேலேயே உரசும் கட்டையா, சக்கரத்துக்குள் அடங்கியதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும். மறைவான ஓர் இடத்தில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் மேல் பெயின்ட்டுக்கு அடியில் இன்னொரு நிறமும், அதற்கும் அடியில் தொழிற்சாலை நிறமும் வெளிப்படும்.

இன்ஜின் இன்னும் வெளிப்படையாகப் பேசும். பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் இன்ஜினில் பொறித்த குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு நாள். 690514 என்று தொடங்கினால் 1969 மே 14 அன்று பிறந்த இன்ஜின். டெகம்சே இன்ஜினில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 9105 என்றால் ஒன்பதில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் 105ஆவது நாள். அந்த ஆண்டு 1969ஆ 1979ஆ என்பதை இன்ஜின் சொல்லாது. மற்ற பாகங்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் பத்தாண்டைத் தொலைத்துவிட்டு நாளை மட்டும் துல்லியமாகக் குறித்து வைத்ததுபோல. சட்டத்தின் காலத்துக்குச் சில மாதம் முந்திய இன்ஜின் என்றால் அது கூடப் பிறந்ததாக இருக்கலாம். பிந்தியது என்றால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதே வகை இன்ஜின்கள் தோட்ட உழுகருவியிலும் தண்ணீர் பம்பிலும் ஓடியவை. ஒன்று பழுதானால் கொட்டகையில் கிடந்த இன்னொன்றைக் கழற்றிப் பூட்டுவது அந்த வீடுகளில் சாதாரணம்.

எனவே சேகரிப்பவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கலவை. சட்டம் 1970, இன்ஜின் 1974, முன் ஃபோர்க் வேறொரு நிறுவனத்தினுடையது, சீட் போன மாதம் தைத்தது. அதை எந்தப் பெயரால் அழைப்பது?

இந்தக் கேள்வியை ஐரோப்பியத் தத்துவம் ஒரு கப்பலை வைத்துக் கேட்டது. ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்து வந்தனர். மக்கிய பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்திக்கொண்டே இருந்தனர். அது அதே கப்பலா என்பதில் தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். 1655இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் அந்தக் கதைக்கு ஒரு முறுக்குக் கொடுத்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் ஒன்று விடாமல் எடுத்துவைத்து, கடைசியில் அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்துவிட்டால், எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸின் அந்த ஆள் வேறு யாருமில்லை, சேகரிப்பாளன்தான். அவன் புதிர் பழைய மினி பைக் உலகில் கற்பனை அல்ல. சட்டத்தை ஒருவர் வாங்கி, அசல் இன்ஜினை இன்னொருவர் வாங்கி, இருவரும் தத்தம் வீட்டில் முழு வண்டி கட்டி, இருவரும் 'என்னிடம் இருப்பதுதான் அது' என்று சொல்வது நடக்கக்கூடியதே.

இந்தியத் தத்துவம் கப்பலுக்குப் பதில் தேரை எடுத்துக்கொண்டது. அதனால் வண்டிக்கு இன்னும் கிட்டே வந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சாகல நகரத்திலிருந்து ஆண்ட கிரேக்க அரசன் மெனாந்தர், பாலி மொழியில் மிலிந்தன், நாகசேனர் என்ற துறவியோடு உரையாடியதை 'மிலிந்த பஞ்ஹ' சொல்கிறது. அரசன் தேரில் வந்தவன். துறவி அவனைக் கேட்கிறார்: ஏர்க்கால் தேரா? அச்சா? சக்கரமா? கொடிக்கம்பமா? நுகமா? கடிவாளமா? எதற்கும் 'இல்லை' என்றே பதில். எல்லாம் சேர்ந்ததுதான் தேரா? அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே தேர் என்று ஒன்றா? அதுவும் இல்லை. அப்படியானால் அரசன் எதில் வந்தான்? பாகங்களைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். நாகசேனர் தன்னையும் அப்படியே சொல்கிறார்: 'நாகசேனர்' என்பது வழக்கில் உள்ள பெயர், அதற்குள் நிலையான ஆள் யாருமில்லை.

ஏழாம் நூற்றாண்டில் பௌத்தத் தத்துவவாதி சந்திரகீர்த்தி 'மத்தியமகாவதாரம்' நூலில் இதே தேரை எடுத்து ஏழு வழியில் அலசினார். அவற்றுள் கடைசி இரண்டும் மெக்கானிக் பட்டறையில் உட்கார்ந்து எழுதியவைபோல இருக்கும். தேர் என்பது பாகங்களின் தொகுதி என்றால், கழற்றித் தரையில் பரப்பிய குவியலும் தேராக வேண்டும். தேர் என்பது வடிவம் என்றால், அந்த வடிவம் எதனுடையது? பூட்டிய பிறகு சக்கரத்தின் வடிவமும் அச்சின் வடிவமும் முன்போலவே இருக்கின்றன. தேர்வடிவம் என்று தனியாக ஒன்று எந்தப் பாகத்திலும் வந்து ஏறிக்கொள்வதில்லை. தேடினால் தேர் கிடைக்காது; தேடாமல் உலக வழக்கில் விட்டால் அதில் ஏறிப் போகலாம் என்பது அவர் முடிவு.

நியாய, வைசேடிகச் சிந்தனையாளர்கள் இதை ஏற்கவில்லை. அவர்கள் கணக்கில் பாகம் அவயவம், முழுமை அவயவி. நூல்களிலிருந்து உண்டான துணி நூல்களின் குவியல் அல்ல. நூல்களில் ஒட்டியிருந்தாலும் அவற்றினும் வேறான புதுப்பொருள். மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளின் நடுவே வைசேடிகனும் நின்று தன் கொள்கையை எடுத்துரைக்கிறான். இந்த வழக்கு தமிழ் வாசகருக்குப் புதியதல்ல. நியாய சூத்திரம் தரும் வாதங்களில் ஒன்று மிக எளிது. ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்தால் முழுதும் பிடிபடுகிறது. ஒரு பகுதியை இழுத்தால் முழுதும் வருகிறது. அணுக்குவியலுக்கு இது நடக்காது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால் வண்டி மொத்தமும் பின்னால் வருவது, வண்டி என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதால்தான். பட்டறையில் தரையில் பரப்பிய பாகங்களில் ஹேண்டில்பாரை இழுத்தால் ஹேண்டில்பார் மட்டுமே வரும்.

ஆனால் இந்தக் கொள்கைக்கு ஒரு விலை உண்டு. ஓர் அவயவம் நீங்கினால் பழைய அவயவி அழிந்து, மிச்சமிருப்பவற்றால் புதிய அவயவி பிறக்கிறது என்று வைசேடிகம் கறாராகச் சொல்லும். அதன்படி ஒரு போல்ட்டைக் கழற்றியதும் பழைய வண்டி இல்லை. பின் எப்படி 'அதே வண்டி' என்கிறோம்? ஒத்த இனம் என்பதால். தமிழில் இந்த நழுவல் நாள்தோறும் நடக்கிறது. ஒருவர் விழுங்கிய மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்ட பிறகும் இன்னொருவர் 'நானும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறேன்' என்பார். 'அதே' என்ற சொல் 'அதே மாதிரி' என்பதற்கு நின்றுவிடுகிறது. பௌத்தர்கள் வெட்டி முளைத்த நகத்தையும் முடியையும் காட்டி இதையே சொன்னார்கள். பழைய பொருள் வியாபாரத்தில் நடக்கும் மோசடிகளில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லின் நழுவலில்தான் குடியிருக்கிறது.

சமண மரபு இரண்டுக்கும் நடுவே வேறு வழி சொன்னது. ஒவ்வொரு பொருளிலும் தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒருங்கே நடக்கின்றன. சமந்தபத்திரர் 'ஆப்தமீமாம்சை'யில் காட்டும் உதாரணம் புகழ்பெற்றது. பொற்குடத்தை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடம் வேண்டியவன் வருந்துகிறான். மகுடம் வேண்டியவன் மகிழ்கிறான். பொன் மட்டும் வேண்டியவன் இரண்டுமின்றி இருக்கிறான். மூன்று பேரின் மனநிலைக்கும் பொருளிலேயே ஆதாரம் உண்டு என்பது அவர் வாதம். பழைய வண்டி ஒன்றைச் சுரண்டி, குரோமியம் பூசி, பளபளவென்று புதிதாக்கும்போது இதே மூவரும் பட்டறை வாசலில் நிற்பதைக் காணலாம். தொழிற்சாலைப் பெயின்ட்டோடும் கீறல்களோடும் அது இருந்தபடியே வேண்டும் என்றவருக்கு இழவு வீடு. கடையிலிருந்து இறங்கிய நாளின் வண்டி வேண்டும் என்றவருக்குத் திருவிழா. காயலான் கடைக்காரருக்கு எடை ஒன்றுதான்.

முதல் இருவரின் சண்டை வெறும் ரசனைச் சண்டை அல்ல. ஒரு பொருளின் உண்மையான காலம் எது என்பதில் அவர்கள் வேறுபடுகிறார்கள். புதுப்பிப்பவருக்கு வண்டியின் உண்மை 1969இல் ஒரு நாள். அதற்குப் பின் நடந்ததெல்லாம் அழுக்கு. காப்பவருக்கு அந்த அழுக்கும் வண்டியின் வாழ்க்கை. சீட்டின் கிழிசல் ஒரு சாட்சி. இங்கே இரண்டாமவர் பக்கம் நியாயம் சற்றுக் கூடுதல் என்றே தோன்றுகிறது. புதுப்பித்த வண்டி அழகாக இருக்கும், ஆனால் அடையாளம் காட்டும் தடயங்களையெல்லாம் சுரண்டி எறிந்த பிறகே அந்த அழகு வரும். பெயின்ட்டின் அடுக்குகள் ஒருமுறை போனால் திரும்பாது. மங்கிய பெயின்ட்டுக்கு என்றைக்கு வேண்டுமானாலும் புது பெயின்ட் அடிக்கலாம்.

வடிவமே உயிர் என்பவர்களுக்கு ஜப்பானில் வலுவான துணை உண்டு. இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிய மரத்தால் அப்படியே கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. அங்குள்ள மரம் புதியது, ஆலயம் பழையது. அப்படியென்றால், ஹோண்டா மங்கியின் வடிவில் இன்று சீனத் தொழிற்சாலைகள் செய்யும் சட்டமும் டேங்கும் ஏன் மங்கி ஆகக் கூடாது? வடிவம் அச்சு அசல்தான். சில போல்ட்டுகள் மாற்றிப் பூட்டினாலும் பொருந்தும். வேறுபாடு உலோகத்தில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. இசேயில் பழையதைப் புதியதாக்கும் உரிமையும் முறையும் அந்த ஆலயத்தினுடையவை. பழைய கட்டடம் விலகி வழிவிட, புதியது அதன் இடத்தை ஏற்கிறது. வடிவத்தை மட்டும் நகலெடுத்தவருக்கு அந்தக் கைமாற்றம் இல்லை.

கைமாற்றம்தான் அடையாளம் என்ற கருத்து ஒருமுறை நீதிமன்றத்திலும் எழுந்தது. 1929, 1930 லெ மான்ஸ் பந்தயங்களில் வென்ற பென்ட்லி கார் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பந்தயத்துக்குப் பந்தயம் அதன் பாகங்கள் மாற்றப்பட்டன. 1932இல் புரூக்லாண்ட்ஸில் நேர்ந்த கோர விபத்துக்குப் பின் மறுபடியும் கட்டப்பட்டது. 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு விலைபேசியவர்கள், இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. முதல் வெற்றியின்போது இருந்த உலோகம் மிகச் சொற்பமே மிஞ்சியிருந்தது. ஆனால் மாற்றங்கள் படிப்படியாக, அந்தக் கார் அந்தக் காராகவே புழங்கிய காலத்தில் நடந்தவை. எந்தக் கட்டத்திலும் அது அறுந்து இன்னொன்றாகவில்லை என்று கண்ட நீதிபதி, அதை 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அழைப்பது சரியே என்று தீர்ப்பளித்தார். நாகசேனர் இரவு முழுதும் எரியும் விளக்கைக் காட்டிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சி உண்டு.

ஹோண்டாவின் வண்டிகளில் சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் தனித்தனி எண் பொறித்திருப்பதால் அந்தத் தொடர்ச்சியை ஓரளவு பின்தொடரலாம். எண் பொருந்தியது என்றால் இரண்டு எண்ணும் ஒன்றே என்று பொருளல்ல, ஒரே காலத்து வரிசையைச் சேர்ந்தவை என்றுதான் பொருள். எண்ணே இல்லாத அமெரிக்க வண்டிக்குத் தொடர்ச்சியின் ஆதாரம் மனிதர்களிடம்தான் இருக்கிறது: பழைய ரசீது, கிறிஸ்துமஸ் காலைப் புகைப்படம், முதல் சொந்தக்காரரின் வாய்மொழி. அடையாளம் உலோகத்திலிருந்து சாட்சியத்துக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. சாட்சியம் பொய்யானால் வண்டியின் பெயரும் பொய். நாகசேனர் சொன்ன 'வழக்கில் உள்ள பெயர்' என்பது அலட்சியமாக ஒதுக்கத்தக்கதல்ல என்பது இங்கே விளங்கும். வழக்கு என்பது பலபேரின் நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு. புது ஸ்டிக்கரை அச்சிட்டு, தேநீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கி, பெயரற்ற சட்டத்தில் ஒட்டுபவர் அந்த ஏற்பாட்டைத்தான் திருடுகிறார்.

பற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பௌத்தர்கள் தேரைப் பிரித்தது அறிவு விளையாட்டுக்காக அல்ல. பிரித்துப் பார்த்தால் 'என்னுடையது' என்ற பிடி தளரும் என்பதற்காக. சேகரிப்பவரும் வண்டியைக் கடைசி வாஷர் வரை பிரிக்கிறார். அவருக்கு நடப்பது நேரெதிர். முன்பு ஒரு வண்டிமேல் இருந்த ஆசை இப்போது கார்புரேட்டர்மேலும் கிளட்ச்மேலும் பெட்டி பிரிக்காத பழைய ஸ்ப்ராக்கெட்மேலும் தனித்தனியாக முளைக்கிறது. அவயவி போனாலும் ஒவ்வோர் அவயவமும் ஒரு புது அவயவியாகி நிற்கிறது; கார்புரேட்டருக்குள்ளேயே மிதவை அசலா, ஊசி அசலா என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது. பகுப்பாய்வு மட்டும் பற்றை அறுத்துவிடும் என்று எண்ணுவோருக்கு உதிரி பாகச் சந்தை ஒரு நல்ல மறுப்பு.

அனுபவம் முதிர்ந்த சேகரிப்பாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுவதற்காக வண்டியில் புதிய பாகங்களைப் பூட்டும்போது, கழற்றிய பழையவற்றைத் துருவோடு ஒரு பெட்டியில் போட்டு, எந்தப் பாகம் எப்போது நீக்கப்பட்டது என்று சீட்டு எழுதி வைப்பார்கள். வண்டி கைமாறும்போது பெட்டியும் கூடவே போகும். ஹாப்ஸின் இரண்டு கப்பல்களும் இப்படி ஒரே ஆள் கையில் வந்து சேர்ந்துவிடுகின்றன. எது அசல் என்று வழக்காட இரண்டாம் ஆள் இல்லை.